சீவாளிக்கு ஒரு முழ நூல்



நாதசுரத்தைப் புகழாத தமிழர் விழா இல்லை. மேடையேறுகிறவர் அதை மங்கல இசை என்பார், தமிழரின் தனிப்பெருமை என்பார், கைதட்டல் எழும். ஆனால் அந்தக் குழலின் வாயில் செருகியிருக்கும் சீவாளியைப் பற்றி எவரும் பேசுவதில்லை. சீவாளியைக் கட்டியிருக்கும் நூலை நினைப்பவர்கூட இல்லை. நான் எழுத வந்தது அந்த நூலைப் பற்றித்தான். நூல் என்றதும் நூலகத்தை நினைக்கும் நண்பர்கள் பொறுத்தருள்க. இது தையற்கடை நூல்!

சீவாளி என்பது என்ன? காவிரி, கொள்ளிடக் கரைகளில் வளரும் கொறுக்கை என்னும் நாணல் இனத்தின் தட்டையை வெட்டி, உலர்த்தி, அவித்து, சீவி, இரண்டு உதடுகள் போல அமைக்கிறார்கள். அதன் அடிப்பகுதி கெண்டை என்னும் சிறிய உலோகக் குழாயில் பொருந்துகிறது. திருவாவடுதுறை வட்டாரம் இந்தக் கைத்தொழிலுக்குப் பெயர் பெற்றது. வாயில் படுவது தட்டை. குழலில் நுழைவது உலோகம். இரண்டையும் ஒன்றாக்குவது நூல். கட்டு தளர்ந்தால் காற்று கசியும். காற்று கசிந்தால் நாதத்தோடு சீறலும் சேர்ந்து வரும். நூற்கட்டு எவ்வளவு மேலே ஏறுகிறதோ அவ்வளவுக்குத் தட்டையின் அதிரும் நீளம் குறையும். ஆகவே நூல் வெறும் கட்டு அன்று. சுருதியிலும் அதற்குப் பங்கு உண்டு.

இது நமக்கு மட்டும் உரிய செய்தியும் அன்று. 2025 ஜனவரி 15ஆம் நாள் இராணுவ நாள் அணிவகுப்பு முதன்முறையாக நம் புனேயில், கடகியில் உள்ள பொறியாளர் படை மையத்தில் நடந்தது. நம் படைப்பிரிவுகள் பலவற்றில் பேக்பைப் ஊதும் குழுக்கள் உண்டு. அந்தக் கருவியின் உள்ளே, சாண்டர் எனப்படும் ஊதுகுழலின் தலையில் இருப்பதும் இரண்டு நாணல் இதழ்கள்தாம். அவற்றைச் சிறு செப்புக் குழாயின்மேல் வைத்து, மெழுகிட்ட நூலால் இறுகச் சுற்றுகிறார்கள். குழல்கள் ஒன்றோடொன்று பொருந்தும் மூட்டுகளிலும் மெழுகு தடவிய சணல்நார் நூலைச் சுற்றுவது ஸ்காட்லாந்துக்காரரின் பழைய வழக்கம். இனி நகரத்தின் நடுவே வருவோம். 1732இல் எழுந்த சனிவார் வாடாவின் தில்லி வாசலுக்கு மேலே நகார்கானா இன்றும் நிற்கிறது. மராட்டியர் மணவீடுகளில் ஒலிக்கும் சனயியின் நாக்கும் நூலால் கட்டப்படுவதுதான். நாதசுரம், சனயி, பேக்பைப் மூன்றும் நாட்டால் வேறு, நாக்கால் உறவு.

சென்ற ஆண்டு இங்கே ஒரு கோயில் விழாவுக்குக் கும்பகோணம் பக்கத்திலிருந்து வந்த நாதசுரக்காரர் ஒருவரோடு அரைநாள் இருந்தேன். “தம்பி, உங்க ஊர்க் காத்து ரொம்ப வறட்சி. கட்டெல்லாம் இளகிப் போச்சு. நல்ல பருத்தி நூல் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார். அவர் சொன்னது அறிவியலுக்கு ஒத்தது. காவிரிக் கரையின் ஈரக் காற்றில் பருத்தி இழை நீரை ஏற்றுப் பருத்து, கட்டை இறுக்கி வைத்திருக்கும். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்தில் இருக்கும் புனேயில், மழைக்காலம் போன பிறகு காற்று உலர்ந்துவிடும். தட்டையும் சுருங்கும், நூலும் மெலியும். பேக்பைப் வாசிப்போரும் வறண்ட நாளில் மூட்டு நூலை மீண்டும் சுற்றிக்கொள்வது இதனால்தான்.

நூல் தேடி இரவிவார் பேட்டைக்குப் போனேன். தையல் நூல் கேட்ட இடமெல்லாம் பாலியெஸ்டர் கண்டுகளே வந்தன. ஒரு கிழவர் மட்டும், “கஷாசாட்டீ?” (எதற்காக?) என்று கேட்டார். நாதசுரம் என்றேன், விளங்கவில்லை. சனயி போன்றது என்றேன். உடனே உள்ளேயிருந்து முறுக்கேறிய வெள்ளைப் பருத்தி நூலும், ஒரு துண்டுத் தேன்மெழுகும் எடுத்து வைத்தார். சனயிக்காரர்களும் இதைத்தான் கேட்டு வருவார்களாம். நாதசுரக்காரரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நூலைக் காதருகே இழுத்துச் சுண்டிப் பார்த்து, “போதும் தம்பி, இது நிக்கும்” என்றார்.

இங்கே ஒரு கேள்வி எழும். பருத்தி பழங்கதை அல்லவா? நைலான் வலுவானது, மட்காது, மலிவு. அதை ஏன் விலக்க வேண்டும்? நேர்மையான கேள்வி. விடையும் நேர்மையாக இருக்க வேண்டும். மேலைநாட்டில் ஓபோ வாசிப்போர் பெரும்பாலும் நைலான் நூலால்தான் நாக்கைக் கட்டுகிறார்கள், நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆகவே நைலான் தீண்டத்தகாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இயல்பு அறிந்து எடுக்க வேண்டும். பருத்தி நனைந்தால் முன்னிலும் வலுவாகும்; நைலான் நனைந்தால் வலுவில் ஒரு பங்கை இழக்கும். உலர்ந்த நிலையில் பருத்தியைவிட நைலானே வலுவானது என்பதும் உண்மை. எனினும் நைலான் இழுத்தால் நீளும். வழுவழுப்பானதால் முடிச்சு நழுவும். ஆகையால் அதை நன்றாக இழுத்துப் பிடித்துச் சுற்ற வேண்டும், மெழுகும் வேண்டும். பாலியெஸ்டர் நீரை ஏற்பதே இல்லை எனலாம். அதனால் நனைந்தாலும் மாறாது, இறுகவும் செய்யாது. பட்டு அழகியது, ஆனால் நனைந்தால் தளரும். பட்டம் விடும் மாஞ்சாவை மட்டும் எவரும் தொட வேண்டா. கண்ணாடித்தூள் பூசிய நூல் தட்டையையும் அறுக்கும், விரலையும் அறுக்கும். நைலான் மாஞ்சாவைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இலேயே தடை செய்துவிட்டது.

கடைக்காரர் சொல்வதை நம்ப வேண்டியதில்லை. ஒரு தீக்குச்சி போதும். பருத்தி காகிதம் எரிவது போல மணந்து, சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகி, நுனியில் கெட்டியான மணியாகத் திரளும்.

இவ்வளவையும் நான் எழுதுவது நூல் வாணிகம் செய்வதற்காக அன்று. நம் பெருமை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதைக் காட்டத்தான். நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வீடுகளிலிருந்து எடுத்த ஆச்சா மரத்தைக் கடைந்து குழல் செய்யும் அந்த ஊர்க் கைகளுக்கு அது தகும். மகிழ்ந்தோம். ஆனால் சீவாளி இல்லாத நாதசுரம் கடைந்த மரமே அன்றி வேறென்ன? மரத்துக்கு மகுடம் சூட்டிவிட்டு, அதற்கு உயிரூட்டும் தட்டையையும் நூலையும் மறப்பது முறையா? சீவாளி செய்வோரின் கணக்கெல்லாம் கையிலும் கண்ணிலும் இருக்கிறது, ஏட்டில் இல்லை. எந்தத் தட்டைக்கு எந்த நூல், எத்தனை சுற்று, எவ்வளவு இழுப்பு என்பதைக் கற்க ஒரு பிள்ளை வராமற் போனால், அந்தத் தலைமுறையோடு அறிவும் போகும். பிறகு நாம் பெருமை பேசலாம். ஊதுவதற்கு ஒன்றும் இராது.

நாம் என்ன செய்யலாம்? நம் சங்கம் பொங்கலுக்கு மேளம் அழைக்கிறது. பந்தலுக்குப் பணம், ஒலிபெருக்கிக்குப் பணம், பொன்னாடைக்குப் பணம் என ஒதுக்குகிறோம். இனி கலைஞரின் சம்பளத்தோடு “சீவாளிப்படி” என ஒரு தொகையையும் தனியே வைப்போம். ஒரு பொன்னாடையைக் குறைத்தால் போதும். அவர்கள் வந்திறங்கும் நாளில் நல்ல பருத்தி நூற்கண்டும் தேன்மெழுகும் காத்திருக்கட்டும்.

இரண்டாவது, நம்மில் பொறியியல் படிப்போர் பலர். வேதியியல் படிப்போரும் பலர். நாலுவகை நூலை உலர்ந்தும் நனைந்தும் இழுத்துப் பார்த்து, அறுபடும் எடையைக் குறித்துவைப்பது கல்லூரி ஆய்வகத்தில் ஒரு பிற்பகல் வேலை. கலைஞரின் காதையும் அருகில் வைத்துக்கொள்வோம். எண் சொல்லாததைக் காது சொல்லும். முடிவைத் தமிழில் எழுதி, அடுத்த இதழில் அட்டவணையாக வெளியிட்டு, சீவாளி செய்வோருக்கும் ஒரு படி அனுப்புவோம்.

மூன்றாவது, இந்த நகரத்துச் சனயிக் கலைஞர்களை நம் பொங்கல் மேடைக்கு அழைப்போம். இரண்டு நாக்குகளும் ஒரே மேடையில் ஒலிக்கட்டும். இசைக்கும் முன்னர் அவர்கள் ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்ளப் போவது இராகத்தைப் பற்றியதாக இராது என்பது என் எண்ணம். “நூல் எங்கே வாங்கினீர்கள்?” என்பதாகத்தான் இருக்கும்.

சங்கத்தின் அடுத்த செயற்குழுவில் இந்த மூன்றையும் தீர்மானமாக முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய ஒரு நண்பர் வேண்டும். யார் வருகிறீர்கள்?