வெறுங்கோயிலும் நிறைகோயிலும்

வளைகுடா நாடொன்றில் பல ஆண்டுகளாகப் பணிபுரியும் அன்பர் ஒருவர், சென்ற ஆகஸ்டில் குடும்பத்தோடு ஜெர்மனிக்கு விடுமுறைப் பயணம் போய் வந்தார். பின்னர் புதுக்கோட்டையில் நடந்த ஒரு திருமண விருந்தில் என் அருகே அமர்ந்து, பந்தி முழுவதும் கேட்கும்படி கூறினார்: "சாமி, அங்கே கோயில் வானத்தைத் தொடுகிறது, உள்ளே ஆள் இல்லை. ஞாயிறு பூசைக்கு இருபது நரைத்த தலைகள். நம் ஊரில் நிற்க இடமில்லை. விசுவாசம் இனி நம்மிடந்தான்." எல்லாரும் தலையசைத்தனர். நானும் மோரைப் பருகிக்கொண்டு பேசாதிருந்துவிட்டேன். அந்த மௌனத்திற்குப் பரிகாரமாகவே இதனை எழுதுகிறேன்.

அவர் கண்டது பொய்யன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் ஜெர்மனியில் 5,22,821 பேர் கத்தோலிக்கத் திருச்சபையை விட்டு விலகினர். அந்நாட்டில் கத்தோலிக்கராகப் பதிவு பெற்றோர் செலுத்தும் வருமான வரியின் மீது 8 அல்லது 9 விழுக்காடு திருச்சபை வரியாகச் சேர்க்கப்படுகிறது. விலக விரும்புவோர் பொதுவாக நீதிமன்றத்திலோ பதிவு அலுவலகத்திலோ அறிவிக்க வேண்டும். பணத்தை மிச்சப்படுத்தவே விலகுகிறார்கள் என்று நம்மவர் எளிதாகச் சொல்லிவிடுவர். சிலருக்கு அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் 2018 செப்டம்பரில், அந்நாட்டு ஆயர்களே ஏற்பாடு செய்த ஆய்வின் அறிக்கை வெளிவந்தது. 1946 முதல் 2014 வரையான காலத்தில் 3,677 சிறார் பாலியல் கொடுமைக்கு உள்ளானதையும், திருநிலைப் பணியாளர் 1,670 பேர் மீது அக்குற்றம் சுமத்தப்பட்டிருந்ததையும் கோப்புகளிலிருந்தே அது எடுத்துக் காட்டிற்று. இதைப் படித்த ஒரு தாய் வேதனையோடு கோயிற்கதவை விட்டு வெளியேறினால், அவளை அவிசுவாசி என்று எழுதிவிட எனக்குக் கை வரவில்லை. குருவாக இருப்பதாலேயே வரவில்லை.

இனி நிறைந்த கோயிலைப் பார்ப்போம். நம் அன்பருக்கு இது நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். துபாயின் தூய மரியன்னை ஆலயத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் திருப்பலி நடக்கிறது, கூட்டத்திற்குக் குறைவில்லை. அங்கே வருவோரை அழைத்து வருவது விசுவாசம் மட்டுமா? ஒரு வாரம் முழுவதும் தாய்மொழியில் ஒரு வார்த்தை கேளாதவனின் தனிமைக்கும் அதில் பங்குண்டு. அதை நான் குறைகூறவில்லை. ஆனால் தலைகளை எண்ணி விசுவாசத்தை அளக்கும் கணக்கு தவறு என்கிறேன். நம் ஊரில் எவரும் அலுவலகம் சென்று விலகுவதில்லை. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் இருக்கும். ஆள் திருமணத்திற்கும் சாவுக்கும் வருவார், தேர் இழுக்க முதல் ஆளாக நிற்பார்.

நம் முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த புனித சவேரியாரும் வேற்றுக் கண்டத்திலிருந்து வந்தவரே. நம் முன்னோரிடம் கண்ட குறைகளை அவர் எழுதினார். அதோடு நிற்கவில்லை, 1544இல் மான்சிலாசுக்கு எழுதிய கடிதங்களில், இம்மக்களை வருத்திய போர்த்துகீசியரைக் கடுமையாகச் சாடினார். தம் இனத்தார் என்று பாராத அந்தக் கண் நம் பயணிகளுக்கு வாய்க்கவில்லை. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களைப் பிரித்து எழுப்பிய சுவரைக் காண விமானச் சீட்டு வேண்டியதில்லை. திருச்சபைக்குள் தீண்டாமை நிலவுவதை இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்திலேயே ஒப்புக்கொண்டது. ஆயர்கள் ஒப்புக்கொண்டதைப் பந்தியில் ஒப்புக்கொள்ள நமக்கு நா எழவில்லை.

பிறகு தனியே பேசியபோது அன்பர் இன்னொன்றும் சொன்னார். பந்தியில் ஏனோ சொல்லவில்லை. நெதர்லாந்து எல்லையை ஒட்டிய கெவலாரில், 1642 முதல் மக்கள் நாடிவரும் அன்னையின் திருத்தலம் உள்ளது. அங்குள்ள படம் ஒரு சிறு காகித அச்சுதான். ஆகஸ்டு மாதத்தில் ஐரோப்பா எங்குமிருந்து ஈழத்தமிழர் ஆயிரக்கணக்கில் அங்கே கூடுகின்றனர். சைவக் குடும்பங்களும் மெழுகுதிரியோடு வருகின்றன. வரிசையில் தமக்கு முன் நின்ற யாழ்ப்பாணத்துப் பெரியவர் எந்த ஊர் என்று மட்டும் விசாரித்துவிட்டுத் தம் திரியிலிருந்து இவருக்கு நெருப்புத் தந்தாராம். "யாருடைய மகன், எந்தத் தெரு என்று கேட்கவேயில்லை, சாமி." ஈழத்தவரிடையே சாதி இல்லை என்று நான் சாதிக்கவில்லை. ஆயினும் அவர் வியந்து நின்ற இடம் அதுதான். வெறும் பீடத்தைவிட அதுவே அவர் ஊருக்குக் கொண்டுவர வேண்டிய செய்தி.

அவருடைய சொந்தக் கிராமத்தில் நான் சில காலம் பணியாற்றியிருக்கிறேன். அவர் பாட்டனார் துயிலும் கல்லறைத் தோட்டம் ஒன்று. சாலைக்கு அப்பால் முள்வேலிக்குள் இன்னொன்று. நவம்பர் 2ஆம் நாள் இரண்டிலும் நானே தீர்த்தம் தெளித்தேன். ஒவ்வோர் ஆண்டும் பாட்டனார் இருந்த தோட்டத்தில்தான் தொடங்கினேன். அந்த வரிசையை மாற்ற ஒருமுறைகூட நான் துணியவில்லை. அடுத்த விடுமுறைக்கு அன்பர் வரும்போது, முதலில் சாலைக்கு அப்பாலுள்ள தோட்டத்திற்கு என்னோடு வரச் சொல்லியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.