ஆலைத் தொழிலாளிக்கு 21 நாள் முன்னறிவிப்பு, ஆய்வாளருக்கு?

ஷியால்தாவிலிருந்து தெற்கே செல்லும் புறநகர் ரயிலில் பாலிகஞ்சிற்கு அடுத்த நிலையம் டாக்குரியா; அதற்கடுத்தது ஜாதவ்பூர். இப்பகுதியின் ராஜா எஸ்.சி. மல்லிக் சாலை ஒன்றிலேயே ஜாதவ்பூர் பல்கலைக்கழகம், இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம், இந்திய வேதி உயிரியல் நிறுவனம், மத்தியக் கண்ணாடி மற்றும் பீங்கான் ஆராய்ச்சி நிறுவனம் ஆகிய நான்கும் இருக்கின்றன. இந்தியாவில் அறிவியல் ஆய்வு இவ்வளவு நெருக்கமாகக் குடியிருக்கும் தெருக்கள் அதிகமில்லை. இந்நிறுவனங்களில் பணியாற்றும் ஆய்வு மாணவர்கள் பலர் டாக்குரியாவின் சந்துகளில் வாடகைக்குத் தங்கியிருக்கிறார்கள். மாதம் பிறந்தால் வாடகை கொடுத்தாக வேண்டும். ஆனால் அவர்களது உதவித்தொகை எந்த மாதம் வரும் என்பதை அவர்களது உழைப்போ, ஆய்வின் தரமோ தீர்மானிப்பதில்லை. தில்லியில் மாற்றப்பட்டு, அவர்களுக்குச் சொல்லப்படாத ஒரு நிதி விதி தீர்மானிக்கிறது.

இந்த நிறுவனங்களின் வரலாற்றை நினைவுகூர்வது அவசியம். இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் 1876இல் மருத்துவர் மகேந்திரலால் சர்க்காரின் முயற்சியில் பொதுமக்களிடம் திரட்டிய நன்கொடையால் உருவானது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேர், சுதேசி இயக்கம் 1906இல் தோற்றுவித்த தேசியக் கல்விக் கழகத்தில் இருக்கிறது. நம் திருச்சியில் பிறந்த சி.வி. ராமன் 1907இல் கொல்கத்தாவுக்கு வந்தது நிதித்துறையின் கணக்கு அதிகாரியாகத்தான். பகலில் அரசாங்கக் கணக்கைப் பார்த்துவிட்டு, மாலையில் அப்போது பௌபஜாரில் இருந்த அந்தக் கழகத்தின் ஆய்வகத்துக்குச் செல்வார். 1928ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பு அங்கேதான் நிகழ்ந்தது. அன்று கணக்கு அதிகாரி மாலையில் அறிவியலாளரானார். இன்றோ அறிவியலாளர்கள் பகல் முழுவதும் கணக்கு எழுத்தர்களாக்கப்பட்டிருக்கிறார்கள்.

இந்த நிலை எப்படி வந்தது? 2022 மார்ச்சில் ஒன்றிய நிதி அமைச்சகத்தின் செலவினத்துறை, ஒன்றியத் திட்டங்களுக்கு நிதி அனுப்பும் முறையையே மாற்றியது. அதற்கு முன் ஆய்வுத்திட்டத்துக்கான தொகை பல்கலைக்கழகத்தின் கணக்குக்கு வந்து சேரும். ஆய்வாளர் தேவைக்கேற்பச் செலவிடுவார். புதிய முறையில் பணம் மையக் கணக்கிலேயே இருக்கும்; நிறுவனத்திடம் இருப்பது திட்டந்தோறும் தொடங்கப்பட்ட பூஜ்ய இருப்புக் கணக்கு மட்டுமே. சில திட்டங்களுக்குக் கருவூல ஒற்றைக் கணக்கு முறை வந்தது. அதில் பணம் ரிசர்வ் வங்கியைவிட்டு நகராது. நிறுவனத்துக்கு ஒரு செலவு வரம்பு மட்டும் ஒதுக்கப்படும். மார்ச் 31க்குள் செலவாகாத வரம்பு காலாவதியாகிவிடும்.

காகிதத்தில் பார்த்தால் இது ஒழுங்கான ஏற்பாடாகத் தோன்றும். ஆய்வகத்தில் நடப்பது வேறு. ஒரு கருவியை வாங்க ஒப்பந்தப்புள்ளி கோரி, குழு கூடி, ஆணை பிறப்பித்து, பொருள் வந்து சேரப் பல மாதங்கள் ஆகும். ஆண்டின் இறுதிக் காலாண்டில் வரம்பு ஒதுக்கப்பட்டால் அந்தப் பணத்தைக் கண்ணால் பார்க்கலாம். கையால் தொட முடியாது. உயிரணுக்களும் பயிர்களும் நிதியாண்டைப் பார்த்து வளர்வதில்லை. பொது நிதி விதிகள் 2017இன் 230ஆவது விதி, மானியத்தின் மீது கிடைக்கும் வட்டியையும் இந்தியத் தொகுப்பு நிதிக்குத் திருப்பிச் செலுத்தச் சொல்கிறது. அரசு தாமதித்தால் வட்டி கிடையாது. ஆய்வாளரின் கணக்கில் சேர்ந்த வட்டிக்கோ விடுதலை கிடையாது.

இதன் சுமை கடைசியில் இறங்குவது உதவித்தொகையை மட்டுமே நம்பி வாழ்பவர்களின் தலையில். ஒன்றிய அறிவியல் தொழில்நுட்பத்துறையின் இன்ஸ்பயர் உதவித்தொகை பெறும் ஆய்வு மாணவர்களும் இளம் ஆசிரியர்களும் 2024–25இல் பல மாதங்கள் பணமின்றித் தவித்தனர். நிதி வழங்கும் முறை மாறியதால் நேர்ந்த தடங்கல் என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. முறை மாறப்போவதை அறிந்திருந்த துறை, மாறும் காலத்துக்கு மாற்று ஏற்பாடு செய்யவில்லை. பெற்றோருக்குப் பணம் அனுப்பவேண்டியவர்கள் பெற்றோரிடமே கடன் கேட்க நேர்ந்தது.

வரி விதிகளிலும் இதே கதைதான். பொது ஆய்வு நிறுவனங்கள் வாங்கும் அறிவியல் கருவிகளுக்கு இருந்த 5 விழுக்காடு சலுகை ஜிஎஸ்டி 2022 ஜூலை 18 முதல் நீக்கப்பட்டது. வரி 18 விழுக்காடாயிற்று. பழைய விகிதத்தில் கணக்கிட்டு ஒப்புதல் பெற்ற திட்டத்தில் 10 லட்ச ரூபாய்க் கருவிக்கு 50 ஆயிரம் வரி என்றிருந்தது, 1 லட்சத்து 80 ஆயிரமாக உயர்ந்தது. கூடுதல் 1 லட்சத்து 30 ஆயிரத்தை யார் தருவது? திட்ட ஒதுக்கீடு உயரவில்லை. வேதிப்பொருளிலும் களப்பயணத்திலும் வெட்டு விழுந்தது. 2024 ஜூலை பட்ஜெட்டில் ஆய்வக வேதிப்பொருட்களுக்கான சுங்க வரி 10 விழுக்காட்டிலிருந்து 150 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. அறிவியலாளர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பிய பிறகு, ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும் சில நாட்களில் பழைய விகிதம் திரும்பியது. அதற்கடுத்த மாதமே, 2017 முதல் பெற்ற ஆய்வு மானியங்களுக்கு ஜிஎஸ்டி கட்டவில்லை என்று தில்லி ஐஐடி உள்ளிட்ட நிறுவனங்களுக்கு நோட்டீஸ் வந்தது விவகாரமாக வெடித்தது. செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் கூடி விலக்களிக்க வேண்டியதாயிற்று. ஆய்வு என்பது வரி விதிக்கத்தக்க 'சேவை' என்று கருதப்படுவதை ஆய்வாளர்கள் அறிந்துகொள்ள ஏழாண்டுகள் ஆயின; அதுவும் அபராத நோட்டீஸின் வழியாக!

சமூக நீதிக்கான உதவித்தொகைகளில் இந்த மௌனம் இன்னும் கொடியது. வெளிநாட்டில் உயர்கல்வி பயிலத் தலித் மாணவர்களுக்கும் பிற விளிம்புநிலைப் பிரிவினருக்கும் வழங்கப்படும் தேசிய உதவித்தொகையின் விதிகள் 2022 பிப்ரவரியில் திருத்தப்பட்டன. இந்தியப் பண்பாடு, பாரம்பரியம், வரலாறு, சமூகவியல் குறித்த ஆய்வுகளுக்கு இனி உதவி இல்லை என்றது புதிய விதி. சாதியைப் பற்றி ஆராயப் பல்கலைக்கழகங்களில் இடம் கேட்டிருந்த மாணவர்கள், விண்ணப்பிக்கும் பருவத்தில்தான் இதை அறிந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை நிறுத்தப்பட்டது. அந்தச் செய்தி வெளிவந்தது மக்களவையில் ஒரு கேள்விக்கு அமைச்சர் அளித்த பதிலில்! 2015 அக்டோபரில் 'நெட்' தேர்வு சாராத உதவித்தொகையை நிறுத்தப் பல்கலைக்கழக மானியக்குழு முடிவெடுத்ததும் இப்படித்தான். மாணவர்கள் மானியக்குழு அலுவலகத்தை முற்றுகையிட்டுப் போராடியதால் அந்த உதவித்தொகை தப்பியது. ஆனால் முனைவர் பட்ட மாணவருக்கு அன்று கிடைத்த 8,000 ரூபாய், பத்தாண்டுகள் கழிந்த பின்னும் 8,000 ரூபாயாகவே நிற்கிறது.

அரசின் ஆதரவாளர்கள் இதற்கு இரண்டு பதில்களை வைத்திருக்கிறார்கள். பொதுப்பணம் முறையாகச் செலவாவதை உறுதிசெய்யக் கண்காணிப்பு வேண்டாமா என்பது முதலாவது. வேண்டும், மக்கள் பணத்தின் ஒவ்வொரு காசுக்கும் கணக்கு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. நாம் கேட்பது, அந்த விதியை மாற்றும்போது அதற்குக் கட்டுப்பட வேண்டியவருக்கு முன்கூட்டியே சொல்லுங்கள் என்பதைத்தான். முன்னறிவிப்பால் கண்காணிப்பு பலவீனமடையாது. இரண்டாவது பதில், எல்லாச் சுற்றறிக்கைகளும் இணையதளத்தில் இருக்கின்றன, படித்துக்கொள்ள வேண்டியதுதானே என்பது. சுற்றறிக்கை ஓர் அமைச்சகத்திலிருந்து இன்னோர் அமைச்சகத்துக்கு, அங்கிருந்து நிறுவனத்தின் நிதி அலுவலருக்கு எழுதப்படுகிறது. நிதி அலுவலகத்திலோ நிரந்தரப் பணியிடங்கள் காலி; ஒப்பந்த ஊழியர் ஒருவர் பல திட்டங்களின் கோப்புகளைச் சுமக்கிறார். ஆய்வாளருக்கு விதி மாறிய செய்தி கிடைப்பது, அவரது பில் திரும்பி வரும்போதுதான்.

இங்கே ஓர் ஒப்பீடு தேவைப்படுகிறது. தொழிற்தகராறு சட்டம் 1947இன் 9ஏ பிரிவின்படி, ஊதியம், படி, வேலை நேரம் போன்ற பணி நிலைமைகளை மாற்ற விரும்பும் முதலாளி தொழிலாளிக்கு முன்னறிவிப்பு தந்து 21 நாள் காத்திருக்க வேண்டும். 1946ஆம் ஆண்டின் நிலையாணைச் சட்டம், ஆலையின் விதிகளைத் தொழிலாளர்களில் பெரும்பான்மையோருக்குப் புரியும் மொழியில் நுழைவாயில் அருகே பலகையில் ஒட்டச் சொன்னது. இவை முதலாளிகள் மனமிரங்கித் தந்தவையல்ல. வேலைநிறுத்தங்களும் சிறைவாசங்களும் பெற்றுத் தந்தவை. இச்சட்டங்களை மோடி அரசு தொழிலுறவுத் தொகுப்புக்குள் இழுத்து 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைப்படுத்தியிருக்கிறது. நிலையாணைகள் 100 தொழிலாளர் உள்ள ஆலைக்குப் பொருந்தும் என்றிருந்ததை 300 என்று உயர்த்தியிருக்கிறது. இந்தத் தாக்குதலை நாம் எதிர்த்துவருகிறோம். ஆனால் ஆலை வாயிலில் பறிபோகும் அந்த உரிமை, ஆய்வகத்தின் வாயிலுக்கு ஒருநாளும் வந்ததே இல்லை என்பதை எத்தனை தோழர்கள் எண்ணிப்பார்த்தோம்? ஆய்வு மாணவர் பகலும் இரவும் உழைக்கிறார். அவரது உழைப்பில் ஆய்வுக் கட்டுரை வருகிறது, காப்புரிமை வருகிறது, நிறுவனத்துக்குத் தரவரிசை வருகிறது. எனினும் சட்டத்தின் கண்ணில் அவர் தொழிலாளி இல்லை, 'மாணவர்'. மாணவருக்கு ஊதியம் கிடையாது, 'உதவி' மட்டுமே. உதவிக்கு முன்னறிவிப்பு எதற்கு என்பதே ஆளுவோரின் தர்க்கம்.

ஆனால் இந்த அரசுக்கு யாருக்குமே முன்கூட்டிச் சொல்லத் தெரியாது என்று எண்ணிவிட வேண்டாம். 2023இல் நிறைவேறிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைச் சட்டம், 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இயங்கிய அறிவியல் பொறியியல் ஆராய்ச்சி வாரியத்தைக் கலைத்தது. ஐந்தாண்டுகளில் 50,000 கோடி ரூபாய் என்று விளம்பரம் செய்தார்கள்; அதில் அரசின் பங்கு 14,000 கோடி மட்டுமே, மீதி 36,000 கோடி தொழில்துறை முதலான பிற இடங்களிலிருந்து வருமாம். அறக்கட்டளையின் ஆட்சிக்குழுத் தலைவர் பிரதமர். ஆய்வு மாணவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதி ஒருவருக்கும் அங்கே நாற்காலி கிடையாது. 2025 ஜூலையில் 1 லட்சம் கோடி ரூபாய் ஆராய்ச்சி, மேம்பாடு, புத்தாக்க நிதிக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தது. இது தனியார் துறைக்குக் குறைந்த வட்டியிலோ வட்டியின்றியோ நீண்டகாலக் கடனாகச் செல்லும் நிதி. அங்கே கால நெகிழ்வு உண்டு. மார்ச் 31இல் காலாவதி இல்லை. நாட்டின் ஆராய்ச்சிச் செலவு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 விழுக்காடாகக் கிடக்க, பொதுப் பல்கலைக்கழகம் திருடனைப்போல் சோதிக்கப்படுகிறது. கார்ப்பரேட் விருந்தாளியைப்போல் உபசரிக்கப்படுகிறது. இதுவே இந்த விதிகளின் வர்க்கத் தன்மை.

மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கு இன்னொரு பொறி வைக்கப்பட்டிருக்கிறது. உயர்கல்விக்கான ரூசா திட்டம் 2023இல் பி.எம். உஷா என்று பெயர் மாறியபோது, புதிய கல்விக் கொள்கையை ஏற்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவது நிபந்தனையாக நுழைந்தது. கையெழுத்திட மறுத்த தமிழ்நாடு போன்ற மாநிலங்களின் பல்கலைக்கழகங்கள் தண்டிக்கப்படுகின்றன. 'மேன்மைமிகு நிறுவனம்' என்னும் தகுதிக்கு ஜாதவ்பூரும் சென்னை அண்ணா பல்கலைக்கழகமும் பரிந்துரைக்கப்பட்டிருந்தன. மாநிலம் தன் பங்கை ஏற்க வேண்டும் என்ற நிபந்தனையில் இரண்டுமே வெளியே நின்றன. 2022இல் ஜாதவ்பூரின் துணைவேந்தர் முன்னாள் மாணவர்களிடம் நிதி கேட்டு வேண்டுகோள் விடுக்கும் நிலை வந்தது. சுதேசிக் காலத்தில் மக்களிடம் கையேந்தியதற்குக் காரணம் அந்நிய ஆட்சி. இன்றைய காரணத்தை ஒன்றிய அரசும், தன் பங்கைக் கைகழுவிய மாநில அரசும் விளக்க வேண்டும்.

போராட்டம் பலன் தராது என்று சோர்வடையக் காரணமில்லை. 2019இல் இளநிலை ஆய்வாளரின் உதவித்தொகை 25,000 ரூபாயிலிருந்து 31,000 ஆனதும், 2023இல் 37,000 ஆனதும் நாடு முழுதும் ஆய்வாளர்கள் வீதிக்கு வந்ததால். ஆய்வக வேதிப்பொருள் வரி திரும்பியதும் எதிர்ப்பால். 2025 ஜூனில் அறிவியல் நிறுவனங்கள் அரசின் ஜெம் இணையச் சந்தைக்கு வெளியே கருவிகள் வாங்க அனுமதி கிடைத்ததும் அறிவியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டதால்தான். ஆனால் இவையனைத்தும் அடி விழுந்த பின் கிடைத்த மருந்து. அடி விழுமுன் தடுக்கும் உரிமையே இப்போது தேவை.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். ஒப்புதல் பெற்ற திட்டம் ஒப்புதல் நாளின் விதிப்படியே முடிவடைய வேண்டும். புதிய விதி புதிய திட்டங்களுக்கு மட்டுமே பொருந்த வேண்டும். விதி மாற்றத்தின் வரைவு ஆறு மாதங்களுக்கு முன் வெளியிடப்பட்டு, ஆய்வாளர்களின் கருத்து கேட்கப்பட வேண்டும். சுற்றறிக்கை நிதி அலுவலரின் மேசையோடு நிற்காமல், ஒவ்வோர் ஆய்வாளருக்கும் அவர் அறிந்த மொழியில் நேரடியாகச் சேர வேண்டும். உதவித்தொகை திட்டச் செலவிலிருந்து பிரிக்கப்பட்டு, மாதந்தோறும் ஊதியமாக வழங்கப்பட வேண்டும். தாமதமானால் அரசு வட்டி தர வேண்டும். நிதி வழங்கும் அமைப்புகளில் ஆய்வாளர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகள் இடம்பெற வேண்டும்.

இத்துடன் சுயவிமர்சனமும் வேண்டும். வளாகங்களில் நம் தோழர்கள் கருத்தரங்கு நடத்துகிறார்கள், சுவரொட்டி ஒட்டுகிறார்கள். உதவித்தொகை வராத மாணவர் வந்து விதி என்ன என்று கேட்டால் நம்மிடம் விடை இருப்பதில்லை. அது அலுவலக வேலை, அரசியல் வேலை அன்று என்று ஒதுக்கிவிடுகிறோம். பஞ்சாலைப் பகுதிகளில் சங்கத்தைக் கட்டிய நம் முன்னோடிகள் அப்படி ஒதுக்கவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளிக்குப் பலகையிலிருந்த நிலையாணையை வாசித்துப் பொருள் சொன்னார்கள். அந்த வாசிப்பிலிருந்து சங்கம் வளர்ந்தது. ஒவ்வொரு வளாகத்திலும் மாதம் ஒருமுறை ஒரே ஒரு தாள் போதும். எந்த விதி மாறியது, யாரைப் பாதிக்கிறது, கடைசி நாள் எது, யாரிடம் எழுத்துமூலம் கேட்பது என்ற நான்கு கேள்விகளுக்கும் அதில் விடை இருக்கட்டும். சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் உள்ள தோழர்கள் ஜாதவ்பூரின் தோழர்களோடு அந்தத் தாளைப் பரிமாறிக்கொள்ளட்டும். நாடு முழுவதற்கும் விதி ஒன்றே. அதை அறியாமல் தவிக்கும் ஆய்வாளர் மட்டும் டாக்குரியாவின் வாடகை அறையில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். அவரது கதவை நாம் தட்ட வேண்டும்.