அந்த எலிக்குப் புற்றுநோயே இல்லை!

வீட்டில் ஒருவருக்கு கீமோதெரபி தொடங்கிவிட்டால் போதும், உறவினர்களின் ஆலோசனை வந்து குவிந்துவிடும். பெலாலாய் காஜா இலையை அரைத்துக் குடியுங்கள், ஈரலுக்குக் கீழாநெல்லி, சிறுநீரகத்துக்கு மஞ்சள் மாத்திரை. கூடவே வாட்ஸ்அப்பில் ஓர் ஆய்வுச் செய்தியும் வரும்: 'கீமோதெரபி பாதிப்பிலிருந்து சிறுநீரகத்தைக் காக்கும் மூலிகை!'

பெரும்பாலும் அந்த ஆய்வு பொய்யல்ல. சிக்கலே அங்குதான் இருக்கிறது.

சிஸ்பிளாட்டின் என்ற மருந்தை எடுத்துக்கொள்வோம். 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இம்மருந்து, நம் வட்டாரத்தில் அதிகம் காணப்படும் மூக்குத்தொண்டைப் புற்றுநோய்க்கும் தரப்படுகிறது. சிறுநீரகத்தின் நுண்குழாய்ச் செல்கள் இதை இரத்தத்திலிருந்து இழுத்துத் தமக்குள் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் பெருகி, செல்களைச் சிதைக்கின்றன. மருந்து பெறுவோரில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். மருந்துக்கு முன்னும் பின்னும் சலைன் ஏற்றுவது அதனால்தான்.

இந்த மூலக்கூறுகளை அடக்கும் பொருள்களே ஆன்டிஆக்ஸிடன்ட். மஞ்சளிலும் தேயிலையிலும் அவை உண்டு. எனவே எலிகளுக்குச் சில நாள் மூலிகைச் சாறு கொடுத்து, சிஸ்பிளாட்டின் ஊசி போட்டு, இரத்தத்தில் கிரியேட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். சாறு குடித்த எலிகளுக்கு அளவு குறைந்திருக்கும். செய்தி தயார்.

ஆனால் ஆய்வுமுறைப் பகுதியைப் படித்துப் பாருங்கள். இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலானவற்றில் எலிக்குப் புற்றுநோயே இருக்காது. சிறுநீரகம் தப்பியது, சரி. கட்டியும் சேர்ந்து தப்பியிருக்குமா? அந்தக் கேள்வியை அங்கு யாரும் கேட்கவே இல்லை. சிஸ்பிளாட்டின் முக்கியமாக மரபணுவைத் தாக்கித்தான் புற்றுச்செல்லைக் கொல்கிறது. என்றாலும் அதே ஆக்சிஜன் தாக்குதலுக்கும் அதில் பங்குண்டு. கேடயத்துக்கு நண்பன் யார், பகைவன் யார் என்று தெரியாது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 2009இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பச்சைத் தேநீரின் முக்கியப் பொருளான இ.ஜி.சி.ஜி., போர்டெசோமிப் என்ற புற்றுநோய் மருந்தோடு நேரடியாகப் பிணைந்து அதை முடக்குவதைச் செல்களிலும் சுண்டெலிகளிலும் கண்டார்கள்.

அப்படியானால் பாதுகாப்பே முடியாதா? முடியும், நேரம் பார்த்துச் செய்தால். சோடியம் தயோசல்பேட் தாவரப் பொருள் அல்ல. ஆனால் சிஸ்பிளாட்டினின் பாதிப்பைத் தணிப்பது. கல்லீரல் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு, சிஸ்பிளாட்டின் கொடுத்து 6 மணி நேரம் கழித்தே அதைக் கொடுத்தார்கள், மருந்து கட்டியில் தன் வேலையைச் செய்யட்டும் என்று. 2018இல் வெளிவந்த முடிவின்படி, செவித்திறன் இழப்பு 63 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாகக் குறைந்தது. உயிர் பிழைப்பதில் குறைவு தென்படவில்லை. ஆனால் வேறோர் ஆய்வில், நோய் உடலெங்கும் பரவிவிட்ட குழந்தைகளில் பிழைத்தோர் விகிதம் குறைந்திருந்தது. அமெரிக்கா 2022இல் நோய் பரவாத குழந்தைகளுக்கு மட்டும் இதை அனுமதித்தது இந்தக் கவலையால்தான். ஒரே ஒரு பொருளுக்கே இத்தனை எச்சரிக்கை! நாம் சமையலறையில் மணி பார்த்தா அரைக்கிறோம்?

தாவரங்களிலும் நம்பிக்கை தரும் ஒன்று உண்டு. மில்க் திஸில் என்ற முட்செடியின் விதையை, இரத்தப் புற்றுநோயும் ஈரல் பாதிப்பும் இருந்த 50 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் ஈரல் நொதி ஒன்று ஓரளவு இறங்கியது. மருந்தின் வேலை கெடுகிறதா என்று ஆய்வகத்தில் தனியே பார்த்ததையும் பாராட்ட வேண்டும். ஆயினும் 50 பேர் என்பது தொடக்கம்தான்.

மஞ்சள் மாத்திரையின் கதை வேறு. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. செறிவூட்டிய மாத்திரையால் ஈரலே பாதிக்கப்பட்ட 10 பேரின் விவரத்தை அமெரிக்க மருத்துவர்கள் தொகுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார்.

மருத்துவர் திட்டுவார் என்று பலர் இவற்றை மறைக்கிறார்கள். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் இரத்தப் பரிசோதனை நடக்கும். ஈரல் நொதி ஏறியிருந்தால், காரணம் கீமோவா மாத்திரையா என்று மருத்துவருக்கு எப்படித் தெரியும்? அவர் கீமோவின் அளவைக் குறைப்பார், அல்லது அடுத்த சுற்றைத் தள்ளிவைப்பார். மாத்திரைப் புட்டியையோ இலையின் படத்தையோ மருந்தாளரிடம் காட்ட ஐந்து நிமிடம் போதும். பாட்டியையோ பெரியப்பாவையோ மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது பல வீடுகளில் நீங்கள்தானே.