பேயாக்கப்பட்ட போர்வீரன்

பேய்ப்படங்களைப் பற்றித் தமிழ்ச்சங்க மலரில் எழுதலாமா என்று முகஞ் சுளிப்பார் உளர். பரணி பாடிய மொழியில் இக்கேள்வி எழுவதே வியப்பு. கலிங்கத்துப் போர்க்களத்தில் பேய்கள் கூழ் அட்டு உண்ட கதையைச் செயங்கொண்டார் பாடினார். அதனை நாம் பாடநூலில் பயின்று தேர்வும் எழுதினோம். களத்துப் பேய் இலக்கியத்துக்கு ஆகுமெனில், களத்திலிருந்து வீடு திரும்பிய பேய் மட்டும் ஆகாதோ? ஆயினும் ஈண்டு நாம் எழுதப் புகுந்தது பேய்ப்படங்களுக்கு வக்காலத்து வாங்குவதற்கன்று. போர்முனையிலிருந்து மீண்டு, இரவெல்லாம் கொடுங்கனவால் அலைக்கழியும் வீரனைக் கதைப்பொருளாக்கி, வியட்நாம் போர்க்காலந்தொட்டு அமெரிக்காவில் குறைந்த செலவில் எடுக்கப்பட்ட ஒரு வகைப் படங்கள்மீது நமக்கு ஒரு வழக்கு உண்டு. அவ்வழக்கையே அன்பர்கள்முன் வைக்கிறோம்.

இவை இன்று கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. நம் குடியிருப்புகளில் பிள்ளைகள் போர்வைக்குள் வைத்துப் பார்க்கின்றனர். பெரியவர்கள் 'குப்பை' என்ற ஒரு சொல்லோடு முடித்துக்கொள்கின்றனர். சற்றுப் படித்த இளைஞர்களோ, 'கையில் காசில்லாதவன் வேறெப்படி எடுப்பான்?' என்று இரக்கம் காட்டுகின்றனர். இரு சாராரும் பார்ப்பது பணப்பையைத்தான். குற்றம் பணப்பையில் இல்லை என்பதே நம் கட்சி. கேட்கவேண்டிய கேள்வி வேறு: இப்படம் நம்மை அவ்வீரனுக்காக அஞ்சச் செய்கிறதா, அவ்வீரனைக் கண்டு அஞ்சச் செய்கிறதா?

முதலில் நல்ல சான்றைக் காட்டிவிடுவோம். பாப் கிளார்க் இயக்கத்தில் 1972இல் எடுக்கப்பட்டு 1974இல் திரைக்கு வந்த 'டெத்ட்ரீம்' என்னும் படம் இரண்டரை இலட்சம் டாலருக்குள் முடிந்தது என்பர். ஆலிவுட் கணக்கில் இது சில்லறைக் காசு. எடுத்த இடம் ஃபுளோரிடாவில் புரூக்ஸ்வில் என்னும் சிற்றூர். போர் முடியாத காலம் அது. சைகோன் வீழ்ந்தது 1975 ஏப்ரலில்தான். கதை எளியது. ஆண்டி என்னும் இளைஞன் வியட்நாமில் சுடப்பட்டு வீழ்கிறான். இறந்தான் என்ற செய்தி வீட்டுக்கு வருகிறது. தாய் நம்ப மறுக்கிறாள்; நீ திரும்பி வருவதாகச் சொன்னாயே என்று இருளில் அமர்ந்து மகனை அழைக்கிறாள். அவ்விரவே அவன் வந்து வாயிலில் நிற்கிறான். டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட குரங்குப் பாதக் கதையை அறிந்தோர் இதன் வேர் எங்கென்று உணர்வர். அக்கதையில் இறந்த மகன் கதவைத் தட்டுகிறான். தாய் தாழை நீக்குமுன் தந்தை அவனைத் திருப்பி அனுப்பிவிடுகிறார். இப்படத்தில் கதவு திறக்கப்படுகிறது. அதன்பின் நிகழ்வதுதான் படம்.

வந்தவன் உண்பதில்லை, உறங்குவதில்லை. ஆடும் நாற்காலியில் அமர்ந்து முன்னும் பின்னும் அசைந்துகொண்டே இருக்கிறான். காண வந்தோர் கைகுலுக்குகின்றனர், முதுகில் தட்டுகின்றனர். 'அங்கே எப்படி இருந்தது?' என்று மனமாரக் கேட்டவர் ஒருவரும் இலர். உடல் அழுகாதிருக்க அவனுக்குக் குருதி வேண்டும். அதை ஊசியால் ஏற்றிக்கொள்கிறான். போரில் போதை ஊசிக்கு அடிமையாகித் திரும்பியோரை அறிந்த அன்றைய அமெரிக்கனுக்கு இக்காட்சியை விளக்கவேண்டியதில்லை. ஐயுற்ற குடும்ப மருத்துவரைக் கொல்லுமுன் அவன் சொல்வதன் சாரம் இது: உங்களுக்காக நான் செத்தேன், கைம்மாறாக நீங்கள் எனக்காகச் சாகலாகாதா? இவ்வினாவுக்கு அவ்வூரில் விடையில்லை. தந்தையாக நடித்தவர் ஜான் மார்லி; 'காட்ஃபாதர்' படத்தில் படுக்கையில் குதிரைத் தலையைக் கண்டு அலறினாரே, அவரேதான். கையில் துப்பாக்கி இருந்தும் மகனைச் சுட இயலாமல் தம்மையே சுட்டுக்கொள்கிறார் அத்தந்தை. இறுதியில் தாய் காரோட்டிக்கொண்டு மகனை இடுகாட்டுக்கு அழைத்துச் செல்கிறாள். அங்கே தன் கையாலேயே தோண்டி, தன் பெயரைக் கீறிவைத்த குழியில் அவன் இறங்குகிறான். தாய் மண்ணை அள்ளி அவன்மேல் இடுகிறாள்.

படத்தில் கொலைகள் உண்டு. அருவருப்பும் உண்டு. ஒளியமைப்புப் பல இடங்களில் மங்கல். ஆயினும் படம் முடிந்தபின் நாம் அஞ்சுவது ஆண்டியைக் கண்டன்று. இறந்தவனை உயிரோடிருப்பவனாக நடத்தி, அவன் வாய் திறக்காதவரையில் எல்லாம் நலமே என்றிருக்கும் அவ்வீட்டைக் கண்டு அஞ்சுகிறோம். இதைச் சாதிக்கப் பெரும்பணம் தேவைப்படவில்லை.

இனி மறுபக்கம் வருவோம். 'டெத்ட்ரீம்' படத்துக்குப் பிணத்தோற்ற ஒப்பனையில் உழைத்த இளைஞர்களுள் ஒருவர் டாம் சவினி. வியட்நாமில் படைப்பிரிவின் புகைப்படக்காரராக இருந்தவர். உண்மையான பிணங்களைக் கண்ணாடி வில்லை வழியே கண்டு மீண்டவர். ஒரு மனிதரின் கொடுங்கனவே இரப்பரும் சாயமுமாய்த் திரையேறியது. அதே கைவண்ணம் 1981இல் 'தி பிரௌலர்' என்னும் படத்துக்குப் பயன்பட்டது. அதன் கதையென்ன? இரண்டாம் உலகப் போரின்போது காதலி கடிதம் எழுதிக் கைவிட்டாளாம்; 1945இல் நடனவிழா இரவில் ஒரு கொலைஞன் படைவீரன் உடையில் வந்து காதலர் இருவரைக் குத்திக் கொல்கிறானாம்; பல்லாண்டு கழித்து மீண்டும் விழா எடுக்க, மீண்டும் அதே உடை, அதே கொலை. வீரனுடைய உடை இங்கே வெறும் முகமூடி. அவன் என்ன கண்டான், எதனால் உறக்கம் இழந்தான் என்று படம் கேட்பதேயில்லை. ஒரே கை, எளிய முதலீடு. ஒன்று வீரனுக்காக வாதாடுகிறது, மற்றொன்று அவனை விற்கிறது. பணமில்லாமையைக் காரணம் காட்டுவோர் இதற்கு என்ன மறுமொழி வைத்திருக்கின்றனர்?

இத்தாலியரும் இவ்வாணிகத்துக்கு வந்தனர். அந்தோனியோ மார்கெரிதி 1980இல் அட்லாண்டா நகரில் எடுத்த 'கானிபல் அபோகலிப்ஸ்' படத்தில் ஜான் சாக்சன் முன்னாள் படைத்தலைவராக நடித்தார். அவரும் வியட்நாமைக் கனவில் கண்டு திடுக்கிட்டு எழுகிறார். நல்ல தொடக்கந்தான். அடுத்து என்ன? மீட்கப்பட்ட வீரர்கள் மனித இறைச்சி உண்ணும் தொற்றுநோயோடு ஊர் திரும்பியுள்ளனராம். அவர்கள் கடித்தவர்க்கும் அது பற்றுகிறதாம்! மனப்புண் தொற்றுநோய் ஆகிவிட்டது. புண்பட்டவன் வெறிநாய் ஆகிவிட்டான். வெறிநாயை ஊர் என்ன செய்யும் என்பதை நாம் சொல்லவேண்டுமோ?

1986இல் வந்த 'ஹவுஸ்' படத்தை இவற்றினும் கேடானது என்போம். பலர் நம்மோடு மாறுபடக்கூடும், ஏனெனில் அது சிரிப்பும் கலந்து இனிமையாக எடுக்கப்பட்டது, வசூலும் நன்று. வியட்நாம் நினைவுகளை நூலாக எழுத அமர்கிறான் ஓர் எழுத்தாளன். படுகாயமுற்ற தோழன் தன்னைக் கொன்றுவிடும்படி கெஞ்ச, இவனுக்குக் கை வரவில்லை. பகைவர் அத்தோழனைப் பிடித்துச் சென்று வதைத்தனர். அத்தோழன் இப்போது அழுகிய பிணமாக வந்து நிற்கிறான். எத்துணை ஆழமான கரு! கருணையும் கொலையும் ஒன்றாகிவிட்ட ஒரு கணத்தை வாழ்நாளெல்லாம் சுமப்பவன் அவன். படமோ அக்குற்றவுணர்வை ஒரு கையெறிகுண்டால் வெடித்துத் தீர்த்துவிடுகிறது. காணாமற்போன பிள்ளை கிடைக்கிறான், பிரிந்த மனைவி வருகிறாள், சுபம். இறந்த தோழனை இரண்டாம் முறை கொன்றால் கனவு தீரும் என்பது மருந்தா, ஏமாற்றா? 1996இல் வந்த 'அங்கிள் சாம்' படத்தில் குவைத்தில் தம்மவர் சுட்டே மடிந்த வீரன் சவப்பெட்டியிலிருந்து எழுந்து, அமெரிக்க விடுதலை நாளில் கொடியை மதியாதாரைக் கொல்லத் தொடங்குகிறான். அதில் நையாண்டி உண்டென்று ஒப்புகிறோம். அதற்குமேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

'இப்படங்களாவது பேசினவே, அரசு பேசவில்லையே' என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. ஜான் ஹூஸ்டன் இரண்டாம் உலகப் போரில் மனம் நொறுங்கிய வீரர்களை நியூயார்க்கை அடுத்த படை மருத்துவமனை ஒன்றில் வைத்துப் படமெடுத்து 1946இல் முடித்தார். எடுக்கச் சொன்னது படைத்துறையே. நோயாளிகளின் மறைவுரிமையைக் காரணம் காட்டி அப்படத்தை 30 ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுமக்கள் கண்ணில் படாமல் வைத்திருந்ததும் படைத்துறையே. போர்முனைத் துயரால் விளையும் மனநோய்க்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் இன்றைய பெயர் ஏறியது 1980இல்தான். 'டெத்ட்ரீம்' வந்து ஆறாண்டுகள் சென்றபின். இன்னொரு செய்தியும் உண்டு. 1970ஆம் ஆண்டையொட்டி அமெரிக்கப் படையினர் வியட்நாமியக் காடுகளில் இரவு நேரத்தில் ஒலிபெருக்கி வைத்துப் பேய்க்குரல் ஒலிபரப்பினர். இறந்த வீரன் அடக்கமின்றி அலைந்து அழுவது போலவும், குழந்தை தந்தையைக் கூவுவது போலவும் ஒலிப்பதிவு செய்து, சாவுச் சடங்கு இசையும் சேர்த்தனர். பிறந்த மண்ணில் அடக்கமாகாத உயிர் அலையும் என்பது வியட்நாமியர் நம்பிக்கை; அந்நம்பிக்கையையே படைக்கலம் ஆக்கினர். மலிவான பேய்க்கதையை முதலில் எடுத்தது யார் என்று இப்போது கேட்கலாமல்லவா? ஆகவே அரசு வாய்மூடி இருந்தது என்பது மெய். ஆனால் அரசு மூடியதைத் திறந்தேன் என்போன், திறந்தபின் உள்ளே இருப்பவனைக் காட்டிக் காசு பறிப்பானாயின், அவனை எப்படிப் பாராட்டுவது?

நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். தொல்காப்பியர் காஞ்சித் திணையில் தொடாக்காஞ்சி என்று ஒரு துறை வகுத்தார். போரில் புண்பட்டவனைப் பேய் நெருங்காதபடி மனைவி காத்து நிற்பது அத்துறை. புறநானூற்றில் அரிசில்கிழார் பாடிய 281ஆம் பாட்டில் வீட்டில் வேம்பும் இரவமும் செருகி, வெண்கடுகு தூவி, இசை எழுப்பி, நறும்புகை ஊட்டிப் புண்பட்ட தலைவனைக் காக்க வருமாறு தோழியை அழைக்கிறாள் ஒருத்தி. கவனிக்க: அங்கே பேய் வேறு, வீரன் வேறு. பேய் அவனைத் தேடி வருகிறது, வீடு விழித்திருக்கிறது. இம்மலிவுப் படங்களுள் பெரும்பாலானவை அவ்விரண்டையும் ஒன்றாக்கிவிட்டன. வீரனே பேயாகிவிட்டான்; வீடு அவனிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்கிறது.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். மைய அரசு அலுவலகங்களில் உழலும் நம்மவர்க்கு முன்னாள் படைவீரர் புதியவர் அல்லர். ஒதுக்கீட்டின் வழி வந்து அடுத்த மேசையில் அமர்கின்றனர், கோப்பைத் திறக்கின்றனர், நாமாகக் கேட்டாலன்றிக் கார்கில் பற்றி வாய் திறவார். இவர்களைப் பற்றி நம் வீடுகளில் வழங்கும் பேச்சு என்ன? 'மிலிட்டரிக்காரர், கோபம் வந்தால் என்ன செய்வாரோ' என்பது. இந்நோயால் வருந்துவோருள் பெரும்பாலோர் எவரையும் தாக்குபவர் அல்லர். உறங்காமல் கிடப்பர், வெடியோசைக்கு நடுங்குவர், மனைவி மக்களிடமிருந்தும் ஒதுங்கிப் போவர். தீபாவளி இரவில் கதவைச் சாத்திக்கொள்ளும் அண்டைவீட்டாரைப் பற்றிப் பிள்ளைக்கு நாம் ஒன்றும் சொல்வதில்லை. கைப்பேசிப் படம் சொல்லிக்கொடுக்கிறது.

எளிதில் தீர்ப்புக் கூற முடியாத படம் ஒன்றும் உண்டு. ஏறத்தாழ 40,000 டாலரில் படி ஜோவினாசோ எடுத்த 'காம்பட் ஷாக்', 1986. வியட்நாம் காடும் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலேயே எடுக்கப்பட்டது; பார்த்தாலே தெரியும். நாயகனாக நடித்தவர் இயக்குநரின் உடன்பிறந்தாரே. வேலையில்லை, வீட்டில் உணவில்லை, உருக்குலைந்து பிறந்த குழந்தை ஓயாது கதறுகிறது. 1962 முதல் 1971 வரை அமெரிக்க வானூர்திகள் வியட்நாமில் தூவிய நச்சு மருந்தின் நிழல் அக்குழந்தைமேல் விழுந்திருக்கிறது. இறுதியில் அவன் மனைவியையும் மகவையும் கொன்று தானும் சாகிறான். நம் அளவுகோலின்படி இதுவும் வீரனைக் கொலைஞன் ஆக்கிய படமே. ஆயினும் இதைத் தள்ள நமக்கு மனமில்லை. காரணம் ஒரே காட்சி. அவன் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் நீண்ட வரிசையில் நின்று, முறை வந்து, மேசைக்கு எதிரே அமர்கிறான். எதிரே இருப்பவர் அவனைப் பார்க்காமலே ஏதோ பேசி அனுப்பிவிடுகிறார். குருதியில்லை, பிணமில்லை. மேசைக்கு இப்பக்கம் அமர்ந்து பிழைக்கும் நம்மவர்க்கு அப்படத்தின் கொடூரமான காட்சி அதுவே. அக்காட்சி இருப்பதால், முடிவில் நிகழும் கொலைக்கு அவன் ஒருவனே பொறுப்பாளி என்று எவரும் கூற முடியாது. 'ஹவுஸ்' எழுத்தாளனுக்கு அத்தகைய வரிசை ஒன்று வாய்த்திருந்தால் கையெறிகுண்டு எதற்குதவும்?

எல்லாப் படங்களுக்கும் பொதுவான ஒரு குறையையும் விடுவதற்கில்லை. 'டெத்ட்ரீம்' உட்பட ஒன்றிலும் வியட்நாமியர் மனிதராக வரவில்லை. அவர்கள் இருளில் ஓடும் நிழல், சுடும் ஓசை. அப்போரில் மாண்ட அமெரிக்கர் 58,000க்குச் சற்று மேல். மாண்ட வியட்நாமியரோ இலட்சக்கணக்கில். அத்தாய்மார் அழைத்தால் வந்து நிற்கவேண்டிய மக்களுக்கு எத்திரையிலும் இடமில்லை.

இவ்வகைப் படங்களுக்கெல்லாம் முன்னோடி ஒன்று பிரான்சில் பிறந்தது. முதல் உலகப் போர் முடியுந்தறுவாயில் அபெல் கான்ஸ் எடுத்து 1919இல் வெளியிட்ட 'ஜாக்யூஸ்' அது. அதில் களத்தில் மாண்டோர் எல்லாரும் எழுந்து தத்தம் ஊருக்கு நடக்கின்றனர். தாம் செத்ததற்கு ஊர் தகுதியாயிருக்கிறதா என்று பார்த்துவர. அக்காட்சியில் பிணங்களாக நடித்தோர் வெர்தூன் போர்முனையிலிருந்து விடுப்பில் வந்த உண்மை வீரர்கள். விடுப்பு முடிந்ததும் அவர்கள் களத்துக்குத் திரும்பினர். பலர் மாண்டனர் என்று கான்ஸ் பின்னாளில் கூறினார்.