வேகமா ஓட வைக்கலாம்... நிறுத்தத் தெரியணுமே!

ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கலாமா? உங்க முன்னாடி நொடிக்குப் பத்து நியூஸ்பேப்பர் வந்து விழுது. ஒண்ணு ரெண்டு இல்லீங்க, பத்து! அதுவும் நிக்காம, மணிக்கணக்கா. ஒண்ணுகூட கசங்கக் கூடாது. மை இழுவக் கூடாது. எண்ணிக்கை தப்பவே கூடாது. எப்படிப் பிடிப்பீங்க?

"அதெல்லாம் மெஷின் பார்த்துக்கும் பாஸ்"னு சொல்றீங்களா? அப்ப இந்த வாரம் உங்களுக்குத்தான். அந்த மெஷின் அதை எப்படிப் பார்த்துக்குதுன்னு பார்ப்போம்.

முதல்ல கணக்கு. மணிக்கு 36,000 காப்பி அடிக்கிற வெப் ஆஃப்செட் மெஷினை எடுத்துக்குங்க. நம்ம நாட்டுல நடுத்தர அளவு மெஷின்கள் பலதும் கிட்டத்தட்ட இந்த வேகத்துக்குச் செஞ்சதுதான். பெரிய மெஷின்னா 70,000-ஐத் தாண்டும். 36,000-ஐ 3,600 நொடியால வகுத்தா, நொடிக்குப் பத்து. ஒரு பக்கத்தோட உயரம் சுமார் 54 செ.மீ. அப்படின்னா ரீல்ல இருந்து பேப்பர் நொடிக்கு அஞ்சரை மீட்டர் ஓடணும். மணிக்கு 20 கிலோமீட்டர். சைக்கிளை நல்லா அழுத்தி மிதிக்கிற வேகம்.

இந்த வேகத்துல வர்ற பேப்பர் ஒரு தகரத்துல போய் முட்டி நின்னா என்ன ஆகும்? முனை மடங்கும். அது சுதாரிக்கிறதுக்குள்ள, நொடியில பத்துல ஒரு பங்குல அடுத்தது வந்து மோதும். அதுக்கு மேல இன்னொண்ணு. ரெண்டு நொடியில இருபது பேப்பர் சுருண்டு அடைச்சுக்கும். மெஷினை நிறுத்தணும். மறுபடி ஸ்டார்ட் பண்ணினா கலர் சரியா உட்கார்ற வரைக்கும் வர்றதெல்லாம் வேஸ்ட். அதுக்குள்ள ஊட்டிக்கும் பொள்ளாச்சிக்கும் போற வேன் டிரைவர் வெளியில ஹாரன் அடிச்சுக்கிட்டு நிப்பார்!

கோவைக்கும் பேப்பர் அச்சுக்கும் பழைய உறவு. 'தி ஹிந்து' 1969-லயே ஃபேக்ஸிமிலி முறையில சென்னையிலிருந்து பக்கங்களை இங்கே அனுப்பி அச்சடிச்சிருக்கு. பக்கம் கம்பி வழியா பறந்து வந்துடுச்சு. ஆனா அச்சடிச்ச காப்பி அடுக்காகி, கட்டாகி, வேன்ல ஏறணும்னா அன்னிக்கும் இன்னிக்கும் அதே கன்வேயர்தான் வழி.

சரி, மெஷின் எப்படிப் பிடிக்குது? மடிச்சு வெட்டின காப்பி நேரா பெல்ட்டுல விழாது. முதல்ல ஒரு விசிறிச் சக்கரத்துக்குள்ள போகும். வளைஞ்ச தகடுகள் வரிசையா இருக்கிற சக்கரம் அது. ரெண்டு தகடுக்கு நடுவுல இருக்கிற இடுக்குல ஒரு காப்பி. சக்கரம் காப்பியைவிட ரொம்ப மெதுவா சுத்தும். காப்பி அந்த வளைவுல உரசி உரசி உள்ளே இறங்குறப்பவே வேகம் செத்துடும். சக்கரம் அதைக் கீழே கொண்டுவந்து பெல்ட்டுல படுக்க வைக்கும். நம்ம ஊர் அம்மா தூங்குற குழந்தையைத் தோளில் இருந்து இறக்குற மாதிரி!

இனிமேதான் நிஜமான ட்ரிக். மடிச்ச காப்பியோட நீளம் சுமார் 27 செ.மீ. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா ரயில் பெட்டி மாதிரி வெச்சா, நொடிக்குப் பத்து காப்பிக்கு பெல்ட் 2.7 மீட்டர் ஓடியாகணும். ஆனா ஓட்டு வீட்டுக் கூரையைப் பார்த்திருக்கீங்கல்ல? ஒரு ஓட்டு மேல அடுத்த ஓடு ஏறி உட்கார்ந்திருக்கும். அதே மாதிரி ஒரு காப்பி மேல அடுத்த காப்பியை ஏழரை செ.மீ. மட்டும் தள்ளி வெச்சா? பத்து காப்பிக்கு 75 செ.மீ. போதும். பெல்ட் நொடிக்கு முக்கால் மீட்டர் நகர்ந்தா சரியாப் போச்சு. நீங்க சாவகாசமா நடக்கிறதைவிட மெதுவான வேகம். ஆனா நொடிக்குப் பத்து காப்பி வெளியே வந்துக்கிட்டேதான் இருக்கும்!

இன்னொரு தடவை யோசிங்க. உள்ள மணிக்கு 20 கிலோமீட்டர். வெளிய மூணு கிலோமீட்டர்கூட இல்லை. எண்ணிக்கையில ஒண்ணுகூடக் குறையலை. வேகம் குறைஞ்ச அளவுக்கு நெருக்கம் கூடிடுச்சு. அவ்வளவுதான் விஷயம்.

டெக்ஸ்டைல் டிபார்ட்மென்ட் மக்களே, இது எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? இருக்கணும்! ஸ்பின்னிங் மில்லுல கார்டிங் மெஷினைப் பாருங்க. சிலிண்டர் பேய் வேகத்துல சுத்தும். பக்கத்துல இருக்கிற டாஃபர் மெதுவா சுத்தி அதுல இருந்து பஞ்சை வாங்கும். மெதுவா வாங்குறதாலதான் பரவலா இருந்த பஞ்சு இழை நெருக்கமாகி ஒரு திரையா வருது. அதே கணக்கு, பேப்பருக்குப் பதிலா பஞ்சு. கணபதியில 'டெக்ஸ்டூல்'னு பஸ் ஸ்டாப் பேரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறீங்களே, அது நூற்பு மெஷின் செஞ்ச கம்பெனியோட பேர். பெரியநாயக்கன்பாளையம் எல்.எம்.டபிள்யூ இன்னிக்கும் கார்டிங் மெஷின் செய்யுது. நொடிக்குப் பத்து பேப்பரைப் பிடிக்கிற வித்தைக்கு அண்ணன் முறை ஆகிற வித்தை நம்ம ஊர் மில்லுக்குள்ளயே ஓடுதுங்க.

அடுத்து சிவகாசி பக்கம் போவோம். அங்கே காலண்டர், லேபிள் அடிக்கிற ஆஃப்செட் மெஷின்ல ரீல் கிடையாது, தனித்தனி ஷீட். மணிக்கு 15,000 ஷீட் ஓடுற மெஷின்ல நொடிக்கு நாலு ஷீட் பறந்து வரும். மை ஈரமா இருக்கும், மேல தொடக்கூடாது. இதை எப்படி நிறுத்துறது? இங்கே ஒரு அழகான ஐடியா இருக்கு. ஷீட்டோட முன்பக்கத்தைப் பிடிக்க மாட்டாங்க. வால் பக்கத்தைத்தான் பிடிப்பாங்க!

ஏன்? பத்துப் பேர் கைகோத்து ஓடுறீங்க. முதல் ஆளை டக்குனு நிறுத்தினா பின்னாடி வர்றவங்க எல்லாம் அவர் முதுகுல மோதி குவியல் ஆயிடுவாங்க. கடைசி ஆளைப் பிடிச்சு இழுத்தா? வரிசை விறைப்பா நீண்டு, அப்படியே மெதுவாகும். பேப்பரும் அப்படித்தான். காத்தை உறிஞ்சுற ரோலர்கள், ஷீட்டைவிட மெதுவா சுத்திக்கிட்டு, அச்சாகாத அடிப்பக்கமா வாலைப் பிடிச்சு இழுக்கும். ஷீட் சுருங்காம நேரா அடுக்குல இறங்கும். ஒண்ணோட மை இன்னொண்ணுல ஒட்டாம இருக்க நடுவுல மெல்லிசா ஒரு பவுடர் தூவுவாங்க.

நிறுத்தியாச்சு. பிரிக்கணுமே? நியூஸ்பேப்பர் கன்வேயர்ல ஆரம்பத்துல வர்ற கலர் சேராத காப்பியை ஒரு கதவு திறந்து வேஸ்ட் பக்கம் தள்ளிவிடும். நல்ல காப்பி வர ஆரம்பிச்சதும் கதவு மாறும். இருபத்தஞ்சு அல்லது ஐம்பது காப்பிக்கு ஒரு தடவை ஒரு தட்டு வந்து ஒரே ஒரு காப்பியை மட்டும் லேசா வெளியே துருத்த வைக்கும். பெல்ட் முனையில நிக்கிறவர் எண்ணவே வேண்டாம். துருத்தின இடம் வரைக்கும் அள்ளினா ஒரு கட்டு. தானா அடுக்குற மெஷின்னா, ஒவ்வொரு சின்ன அடுக்கையும் திருப்பித் திருப்பி வைக்கும். மடிப்புப் பக்கம் தடிமன் அதிகமில்லையா, எல்லாம் ஒரே பக்கம் இருந்தா கட்டு சரிஞ்சுடும்.

"பேப்பர் படிக்கிறவங்களே குறைஞ்சுட்டாங்க, இதைத் தெரிஞ்சு என்ன பண்ண?"னு கேக்குறீங்க. நியாயமான கேள்வி. சுவிட்சர்லாந்துல ஹின்வில்னு ஒரு ஊர். அங்கே இருக்கிற ஃபெராக் கம்பெனி, ஒவ்வொரு நியூஸ்பேப்பரையும் தனித்தனி கிளிப்புல கவ்வித் தூக்கிட்டுப் போற கன்வேயர்ல பேர் வாங்கினது. பேப்பர் மார்க்கெட் சுருங்க ஆரம்பிச்சதும் உட்கார்ந்து அழலை. அதே தொங்கு கன்வேயர் அனுபவத்தை வெச்சு, ஆன்லைன் ஆர்டர்களைப் பையில போட்டுத் தலைக்கு மேல கொண்டுபோய்ப் பிரிக்கிற சிஸ்டம் விக்குது. நீங்க ஆர்டர் பண்ற டி-ஷர்ட் குடோன்ல சந்திக்கிறதும் இதே மூணு பிரச்னைதான்: மெதுவாக்கு, எண்ணு, பிரி.

ஃபைனல் இயர் மக்களுக்கு ஒரு விஷயம். காந்திபுரத்துல காசு கொடுத்தா ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டோட பைண்டிங் பண்ணிக் கைல கொடுத்துடுவாங்க, தெரியும். வைவாவுல "இந்த ரோலர் ஏன் இந்த வேகம்?"னு ஒரு கேள்வி வந்தா அந்த பைண்டிங் பேசாது. அதுக்குப் பதிலா உக்கடம் பழைய சாமான் கடையில ரெண்டு வைப்பர் மோட்டார் வாங்குங்க. கணபதியில ஏதாவது ஒரு லேத் பட்டறை அண்ணன்கிட்ட நாலு ரோலர் கடைஞ்சு வாங்குங்க. ஒரு வேகமான பெல்ட், ஒரு மெதுவான பெல்ட். போஸ்ட் கார்டை ஓட விடுங்க. அப்புறம் ஐ.ஆர். சென்சார் வெச்சு எண்ணிப் பாருங்க. எண்ணாது! கார்டுகளுக்கு நடுவுல இடைவெளியே இல்லையே, ஒளி எப்படி உள்ளே போகும்? மேல ஏறியிருக்கிற விளிம்பை மட்டும் கண்டுபிடிக்க ஒரு வழி யோசிக்கணும். அந்த இடத்துலதான் உங்க ப்ராஜெக்ட் ஆரம்பிக்குது. ஒரு எச்சரிக்கை: பெல்ட் மெதுவாத்தானே ஓடுதுன்னு ரோலர் பக்கம் விரலையோ துப்பட்டாவையோ கொண்டு போகாதீங்க. மெதுவான பெல்ட்டும் இழுத்துடும்.

கடைசியா ஒரு கணக்கு. மணிக்கு 72,000 காப்பி. பெல்ட் வேகம் நொடிக்கு ஒரு மீட்டர். ரெண்டு காப்பி விளிம்புக்கு நடுவுல எத்தனை செ.மீ.? கால்குலேட்டரைத் தொடாம சொல்லுங்க பார்ப்போம். அடுத்த வாரம் சந்திப்போம்!