ஆள் இருக்கிற வீட்டுப் பூ

இந்த வருடம் எங்கள் வீட்டு முற்றத்தில் ஏழு சூரியகாந்திகள் பூத்தன. மதிலுக்கு மேலால் தலை நீட்டி நின்றபடியால் தெருவால் போனவர்களும் நின்று பார்த்தார்கள். "உயர்தரம் படிக்கிற பிள்ளைக்கு இதற்கெல்லாம் நேரம் இருக்கிறதா?" என்று சிலர் கேட்டார்கள். "அந்த இடத்தில் முருங்கை நட்டிருந்தால் கறிக்காவது உதவும்" என்றார்கள் வேறு சிலர்.

இரண்டும் நியாயமான பேச்சுத்தான். ஆனாலும், வருடாவருடம் விதைத்து வளர்க்கும் பூச்செடி ஒன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். மாரி மழை கடுமையாகப் பெய்யும்போது போட்டால் விதை அழுகிவிடும். அதனால் மழை ஓய்ந்த தை மாதத்தில் விதைத்தேன். ஒரு கிழமையில் முளைத்தது. பிறகு அஸர் தொழுகைக்குப் பின் பத்து நிமிடம் தண்ணீர் ஊற்றினேன். காற்றுக்குச் சாயாமல் தடி நட்டுக் கட்டினேன். அவ்வளவுதான் வேலை. கைத்தொலைபேசி இதைவிட அதிக நேரத்தை என்னிடமிருந்து எடுக்கிறது.

அந்தப் பத்து நிமிடமும் வீண்போகவில்லை. ஒட்சின், ஒளித்திருப்பம் என்று மனனம் செய்தவற்றை முற்றத்தில் கண்டேன். இளஞ்செடி பகலில் சூரியனோடு மேற்கே திரும்புகிறது. விடிவதற்குள் மீண்டும் கிழக்கே வந்துவிடுகிறது. பூ முற்றாக மலர்ந்ததும் இந்தத் திரும்பல் நின்று, கிழக்குப் பார்த்தபடியே இருந்துவிடும். காலை வெயிலில் அந்தப் பூ விரைவாகச் சூடேறுவதால் தேனீக்கள் அதிகம் வருகின்றன என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்டார்கள். எங்கள் முற்றத்துத் தேனீக்களும் அதைப் பொய்யாக்கவில்லை.

விதையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போன வருடம் கடையில் பக்கற் விதை வாங்கிப் போட்டேன். அது கலப்பினம். பூங்கொத்துக்காக உருவாக்கிய சில இனங்களில் மகரந்தமே இல்லை. மேசைத் துணியில் கறை படக்கூடாதாம்! கலப்பினத்தின் விதையை எடுத்து விதைத்தாலும் தாயைப் போலவே பிள்ளை வரும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு முறையும் கடைக்குத்தான் போக வேண்டும். இந்த வருடம் நான் போட்டது எதிர்வீட்டு அம்மம்மா தந்த பழைய விதை. வருடாவருடம் போட்டு, காய வைத்து, போத்தலில் வைத்திருக்கிறார்.

முருங்கைக்குப் பதில் என் உம்மம்மாவிடம் இருந்தது. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற வேண்டியிருந்தது. உம்மம்மாவும் அப்படிப் போனவர்தான். பல வருடங்கள் கழித்துப் புத்தளத்திலிருந்து வந்து பார்த்தபோது கூரை இல்லை. வேப்பமரம் மட்டும் முன்பைவிடப் பெருத்து நின்றதாம். முற்றத்துச் சூரியகாந்தி இருந்த அடையாளமே இல்லை.

"மரம் ஆளில்லாட்டியும் நிக்கும் புள்ள. இதுக்கு வருஷா வருஷம் ஆள் வேணும்" என்றார்.

அதனால்தான் இந்தப் பூ வேண்டும் என்கிறேன். ஒரு வீட்டில் சூரியகாந்தி பூத்திருந்தால், போன வருடம் யாரோ விதை எடுத்து வைத்தார்கள், இந்த வருடம் யாரோ தண்ணீர் ஊற்றினார்கள் என்று அர்த்தம். திரும்பி வந்தவர்களுக்குச் சுவரும் கூரையும் மட்டும் போதாது.

பூக்களில் ஒன்றைக் கிளிகளுக்கு விட்டேன். நாம் நட்டதைப் பறவை உண்டாலும் அது ஸதகா என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். மற்றவற்றைத் துணியால் கட்டிக் காத்து, பின்புறம் மண்ணிறமானதும் வெட்டிக் காய வைத்தேன்.

என் பரீட்சை முடிந்ததும் புத்தளத்துக்கே போய்விடலாமா என்று வாப்பா யோசிக்கிறார். தொழில் அங்கேதான். முடிவு என் கையில் இல்லை. விதையில் பாதியை எதிர்வீட்டு அம்மம்மாவிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மீதி ஒரு ஜாம் போத்தலில் இருக்கிறது. வகுப்புக்குப் பத்து விதை தர முடியும். ஒரேயொரு நிபந்தனை: அடுத்த வருடம் அவர்கள் இன்னொருவருக்குப் பத்து விதை கொடுக்க வேண்டும்.

பெற்றோரே, பத்து நிமிடம்தான் கேட்கிறோம்.