இல்லத்தில் சேர்க்கும் முன் இரவைப் பற்றிக் கேளுங்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதியின் எல்லையோரச் சிற்றூர்களில், பிள்ளைகள் வளைகுடாவிலோ பெங்களூரிலோ பணிபுரிய, பெற்றோர் மட்டும் வீட்டில் இருப்பது வழக்கமாகிவிட்டது. 2011 கணக்கெடுப்பின்படி கேரள மக்களில் 12.6 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். நாட்டின் அளவு 8.6. பக்கவாதமோ இடுப்பெலும்பு முறிவோ பெற்றோரைப் படுக்கையில் தள்ளும்போது, பத்து நாள் விடுப்பில் வரும் மகன் பராமரிப்பு இல்லம் தேடி அலைகிறார். அந்த அவசரத்தில் அவர் பார்ப்பது கட்டடத்தையும் குளிர்சாதன அறையையும்தான்.

கேட்க வேண்டியதோ இரவைப் பற்றி. இரவில் பயிற்சி பெற்ற செவிலியர் எத்தனை பேர், ஒருவர் எத்தனை நோயாளிகளைக் கவனிக்கிறார்? அசைய இயலாதவரை ஏறத்தாழ இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் படுக்கைப் புண் உண்டாகும். திருப்பியதைக் குறிக்கும் பதிவேட்டைக் காட்டச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு இல்லம் பாருங்கள். முன்னறிவிப்பின்றி இரவு உணவு வேளையில் ஒருமுறை செல்வதும் நல்லது.

இங்கு மொழியும் ஒரு மருத்துவத் தேவையே. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டில் சேர்ந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கு இப்பாலும் வீட்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. மறதிநோய் முற்றும்போது, பின்னாளில் கற்ற மொழி முதலில் மங்கித் தாய்மொழி எஞ்சுவது பலரிடம் காணப்படுகிறது. வலி எங்கே என்று பாட்டி சொல்வது பணியாளருக்குப் புரியாவிட்டால், எத்தனை வசதி இருந்தும் என்ன பயன்?

இல்லம் தேவையா என்பதையும் முதலில் எண்ணிப் பார்க்கலாம். 2008இல் கேரள அரசு வலிதணிப்புப் பராமரிப்புக் கொள்கையை வகுத்தது. அதன்படி உள்ளாட்சி அமைப்புகளின் செவிலியர் படுக்கையில் இருப்போரை வீடு தேடி வந்து பார்க்கின்றனர். மருத்துவமனையிலிருந்து திரும்பும் முன்பே ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவிடுங்கள். அச்செவிலியரின் வருகையும் நம்பகமான பகல்துணையும் போதுமானால், வீடே மேல் என்பது என் கருத்து. ஆனால் குழாய்வழி உணவு, ஓயாத மூச்சுத்திணறல் என்ற நிலை வந்தபின் ஊரார் பேச்சுக்கு அஞ்சி வீட்டிலேயே வைத்திருப்பது நோயாளிக்குச் செய்யும் தீங்கு. களியக்காவிளைக்கு அப்பால் உள்ள இல்லத்தைத் தேர்ந்தால், கேரளப் பஞ்சாயத்துச் செவிலியர் அங்கு வரமாட்டார் என்பதும் நினைவிருக்கட்டும்.

எழுபது வயது நிறைந்தோருக்கு ஆயுஷ்மான் பாரத் திட்டம் ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை காப்பளிக்கிறது. அது மருத்துவமனைச் சிகிச்சைக்கு மட்டுமே. இல்லத்தின் மாதக் கட்டணம் குடும்பத்தின் பொறுப்பு.

சிலர் முதியவரின் ஏடிஎம் அட்டையையும் இரகசிய எண்ணையும் இல்ல நிர்வாகியிடமே ஒப்படைத்துவிடுகின்றனர். அது வேண்டவே வேண்டாம். கையொப்பமிட இயலாதவர், வங்கி அலுவலர் ஒருவர் உள்ளிட்ட இரு சாட்சிகள் முன்னிலையில் விரல்ரேகை வைத்துப் பணம் எடுக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறை இடமளிக்கிறது. இல்லத்தில் சேர்க்கும் முன்பே கிளை மேலாளரிடம் இதைப் பேசி வைத்துவிடுங்கள்.